அப்படி ஒரு முகவரி இல்லை

மார்ச் மாதம் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில், டிவியோடு இணைத்திருந்த ஸ்ட்ரீமிங் பெட்டியின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றினேன். மாற்ற நான்கு நிமிடம் ஆனது.

நல்ல பலன் கிடைத்தது. உங்கள் வீட்டுப் பெட்டியும் படத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டிருந்தால் தாராளமாகச் செய்து பாருங்கள். பெட்டிக்குப் பெயர் தெரியுமே தவிர வழி தெரியாது. ஒரு படத்தைப் போடச் சொன்னால், அது முதலில் வெளியே எங்கோ இருக்கும் ஒரு விசாரணை ஜன்னலில் போய் நின்று, இந்தப் பெயர்க்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்கும். ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் இலக்கத்தைச் சொன்ன பிறகுதான் கிளம்பும். இணைய நிறுவனம் கொடுத்திருந்த ஜன்னலில் ஆள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பெட்டியை வேறு ஜன்னலுக்கு அனுப்பினேன். அவ்வளவுதான்.

இது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காரணம், இருபத்தாறு வருடம் நான் அந்த வேலையைத்தான் செய்தேன். ஒரு பெரிய அரசு அலுவலகத்தின் தரைத்தளத்தில் விசாரணை ஜன்னல். பிறப்புச் சான்றிதழ் எங்கே, இரண்டாவது மாடி, ஏழாம் அறை. நிலப் பதிவு எங்கே, பின்பக்கக் கட்டடம். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் கேட்பார்கள், முந்நூறு பேருக்கும் நான் முகம் சுளிக்காமல் பதில் சொல்வேன். சில நாள் ஏதாவது ஒரு பிரிவிலிருந்து போன் வரும், இன்றைக்கு யாரையும் மேலே அனுப்பாதே என்று. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அப்போது, போகக் கூடாது, அனுமதி இல்லை என்பார்கள். உடனே சண்டை வரும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு பிரிவு இங்கே இல்லையே என்பேன். கேட்டவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவார். தடுத்தால்தான் ஆளுக்குக் கோபம் வரும். இல்லை என்றால் வராது.

பிறகு ஜன்னலை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைத்தார்கள். என்னை மரியாதையாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி ரொட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், காலை ஏழுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். ஏழு மாதம் நான் வீட்டில் தனியாக இருந்தேன். அந்த ஏழு மாதத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மனைவிக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் போனைக் கேட்டுக்கொள்வாள்.

அப்புறம் ஜனவரியில் மாமா வந்தார்.

மாமா என்றால் என் மாமனார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. வேறு ஊரில் மச்சான் வீட்டில்தான் இருப்பார். அங்கே சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததால், தூசி கண்ணுக்கு ஆகாது என்று நான்கு மாதத்துக்கு எங்களிடம் அனுப்பினார்கள். அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் அதிகம். சொட்டு மருந்து உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, மச்சான் ஊர்க் கண் மருத்துவமனையிலிருந்து டாக்டர் டிவியில் வருவார். போனின் சின்னத் திரை மாமாவின் கண்ணுக்குச் சரிவராது என்பதால் மச்சானே பெட்டியில் அதற்கு ஒரு பட்டன் வைத்து, மேலே ஒரு கேமராவும் மாட்டிக் கொடுத்திருந்தார்.

மாமா வந்த பிறகு வீடே மாறிப்போனது. மனைவி தொழிற்சாலைக்குப் போனதும் நாங்கள் இருவரும் டிவி முன்னால் உட்காருவோம். விலங்குகள், கடல், எரிமலை. அவர் ஓயாமல் கேட்பார். இது எந்தக் கண்டம் மாப்பிள்ளை, அது ஏன் வாயைத் திறந்துகிட்டே நிக்குது, இதுக்குச் சம்பளம் உண்டா. நான் பதில் சொல்வேன். தெரியாததற்கும் சொல்வேன். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

மார்ச் மூன்றாம் தேதி டாக்டர் திரையில் வந்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அப்படியே உறைந்துவிட்டார். மாமா சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்குப் பல்லைக் காட்டுறாரா, இல்ல பல் டாக்டர மாத்தி அனுப்பிட்டாங்களா?" என்றார். அதற்கு அடுத்த நாள் காலையில்தான் நான் டிஎன்எஸ்ஸை மாற்றினேன். நோக்கம் நல்ல நோக்கம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் முதல் தடவையாக மாமா என் முதுகில் தட்டி, "கைராசிக்காரர் நீங்க" என்றார்.

ஏப்ரல் ஏழாம் தேதி டாக்டர் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தார். மாமாவுக்கு இரண்டு நாள் முன்பு பக்கத்துக் கிளினிக்கில் எடுத்த அழுத்த அளவை அவர் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அழுத்தம் ஏறுகிறது, மே மாதம் இன்னொரு தடவை பார்ப்போம், பிறகு இங்கே வந்து அறுவை செய்துகொள்ள வேண்டும், அதற்கப்புறம் அடிக்கடி நேரில் பார்க்க வேண்டியிருப்பதால் மகன் வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்றார். என் கைராசியால் வந்த செய்தி அது.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய அலுவலகத்தில் தொடுதிரையைப் பராமரிக்க வந்த பொறியாளர் எனக்குப் பழக்கம். என் வேலையை எடுத்துக்கொண்டவர் என்றாலும் தங்கமான மனிதர். சோப்புப் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது, அதையே வீட்டுக்குள் விசாரணை ஜன்னலாக வைத்துக்கொள்ளலாம், விளம்பரங்களையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். வாங்கிப் பொருத்தினேன். பெட்டியை அதைக் கேட்கச் சொன்னேன். மறுபடியும் எனக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. விளம்பரம் நின்றது, படம் இன்னும் வேகமாக வந்தது.

பிறகு அந்தத் திருப்பி அனுப்பும் பட்டியலில் மருத்துவமனையின் பெயரையும் எழுதினேன்.

உங்கள் கணினிக்காரர் நேற்று என்னிடம் ஒன்று கேட்டார். தடுக்கப்பட்டது என்று காட்டும்படியும் வைத்திருக்கலாமே, ஏன் அப்படி ஒரு முகவரி இல்லை என்று சொல்ல வைத்தீர்கள் என்றார். தொழில் தெரிந்தவர், நல்ல கேள்வி. மேலே சொன்னதுதான் பதில்.

மே ஐந்தாம் தேதி மாமா தானே பட்டனை அழுத்தினார். முகவரி இல்லை என்று வந்தது. இரண்டு தடவை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியவே காணோமாம் மாப்பிள்ளை."

"அங்கயும் இடிச்சுக் கட்டுறாங்களோ என்னவோ. இருங்க, நான் போன் போட்டுக் கேக்கறேன்."

பால்கனிக்குப் போய் ஐந்து நிமிடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து, அழுத்தம் இறங்கிவிட்டதாம், அறுவை இப்போதைக்கு வேண்டாமாம், அதே மருந்தைப் போடச் சொன்னார் என்றேன். மாமா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கத்தி என்றால் அவருக்குப் பயம். அன்றைக்கு யானைக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்த்தோம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு முதல் திங்களும் அதே மாதிரி பால்கனிக்குப் போய்வந்தேன். மச்சானுக்கும் இதையே சொன்னேன். அவருக்கு என்மேல் முழு நம்பிக்கை. மருத்துவமனையிலிருந்து மாதாமாதம் என் போனுக்கு ஒரு செய்தி வரும், நோயாளி வரவில்லை, காரணம் என்ன என்று. கீழே மூன்று பதில்கள் இருக்கும். வெளியூரில் இருக்கிறார் என்பதைத் தொடுவேன். மச்சான் ஊரிலிருந்து பார்த்தால் அது உண்மையும்கூட.

ஜூன் மாதம் சொட்டு மருந்து தீர்ந்தது. டாக்டரின் புதுச் சீட்டு இல்லாமல் கடையில் தரவில்லை. சீட்டில்லாமல் கிடைக்கிற மருந்து ஒன்று இருக்கிறது, கண் வறண்டால் விடுவது. அதை வாங்கினேன். கெடுதல் எதுவும் செய்யாது. ஒரு நாளும் நேரம் தவறாமல் காலையும் மாலையும் நானே விட்டேன். பழைய மருந்து எரியும், இது குளுகுளு என்று இருந்தது. "டாக்டருக்கு இப்பத்தான் நம்ம மேல இரக்கம் வந்திருக்கு" என்றார் மாமா.

ஆகஸ்ட் வாக்கில் அவர் திரையின் ஓரங்களைக் கேட்க ஆரம்பித்தார். இடது பக்கம் என்ன ஓடுது, அந்தப் பறவை எங்கே போச்சு என்று. நான் சொன்னேன். முதலில் ஓரங்கள், பிறகு பாதித் திரை. அக்டோபரில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். ஒரு நாள் அவரே அதைப் பற்றிப் பேசினார்.

"லிஃப்ட் கதவு ரெண்டு பக்கமும் மூடிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு. நடுவுல கையை விட்டா நிக்கணும், நிக்க மாட்டேங்குது."

"மூடட்டும் மாமா. உள்ளதான் நாம ரெண்டு பேர் இருக்கோமே."

அவர் வெகுநேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மாதங்களில் நாங்கள் சிரித்த மாதிரி இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை, இதை மாடிவீட்டுக்காரர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

எனக்குத் தெரியுமா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். தெரியும். இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வலிக்காது, போன பார்வை திரும்பாது என்று எல்லாவற்றிலும் போட்டிருந்தது. வலிக்காது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் இடித்துக்கொள்ளக் கூடாது என்று சின்ன மேஜையை ஓரம் கட்டினேன், தரைவிரிப்பைச் சுருட்டி வைத்தேன், தண்ணீர்ச் சொம்பை எப்போதும் அவர் கைக்கு நேரே வைத்தேன். மனைவி ஒரு நாள் மாலை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன்கூட அப்பாவை இப்படிப் பாத்துக்கிட்டதில்லங்க" என்றாள். கண் கலங்கியிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது, டாக்டர் மாதாமாதம் பார்க்கிறார் என்றே நினைத்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை, மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நான்கு மாதம் என்று சொன்ன கட்டட வேலை இழுத்து இழுத்து இப்போதுதான் முடிந்தது, அப்பாவைக் கூட்டிப்போக வந்தேன் என்றார். மனைவி கொடுத்த காபியை வாங்கி மாமாவின் வலது பக்கமாக நீட்டினார். மாமா நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மச்சான் கோப்பையைக் கொஞ்சம் அசைத்தார். மாமா சிரித்துக்கொண்டே இருந்தார்.

மச்சான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்து மருத்துவமனைப் பட்டனை அழுத்தினார். முகவரி இல்லை என்று வந்தது. தன் போனை எடுத்து அதையே தேடினார். அவர் போன் எங்கள் வீட்டு இணையத்தில் இல்லை, அதனால் என் ஜன்னலுக்கு வரவில்லை. மருத்துவமனையின் பக்கம் உடனே திறந்தது. அவர் போனைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் போகிற வீட்டிலெல்லாம் இணைய இணைப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவராக இருந்திருந்தால் நாங்கள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்போம்.

அன்று மாலையே இங்கிருக்கும் கண் மருத்துவமனைக்கு எல்லோரும் போனோம். மாதக்கணக்கில் மருந்து விடவில்லை என்று டாக்டர் சொன்னார். விட்டேன் என்று நான் சொன்னேன். புட்டியைக் கேட்டார், கொடுத்தேன். அதற்குப் பிறகு நடைபாதையில் பெஞ்சில் வைத்து மச்சானே எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னார். மனைவி எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். மாமா கடைசிவரை கேட்டார். பிறகு நான் இருக்கும் பக்கம் என்று நினைத்து, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துத் திரும்பினார்.

"வியாழக்கிழமை டிவியில, பனியில விழுந்து கிடந்த அந்த நரிக்குட்டி. அம்மா வந்து தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே. போச்சா?"

"போச்சு மாமா."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அந்தக் குட்டி எழுந்திருக்கவில்லை, உண்மைதான். தாய் வரவும் இல்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டவர் நிம்மதியாகத் திரும்பிப் போக வேண்டும். அதற்குத்தான் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது.

எல்லாவற்றையும் நானே செய்தேன். பொறியாளருக்கோ மனைவிக்கோ இதில் பங்கில்லை. குட்டிக் கணினி உங்களிடம் இருக்கிறது, அதில் நான் எழுதிய வரி தேதியோடு இருக்கும். மருந்துப் புட்டிகள் ஐந்தும் சமையலறை மேல் தட்டில் இருந்தன, எடுத்துக்கொடுத்துவிட்டேன்.

மாமாவுக்கு வலது கண்ணில் பார்வை முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் நேர் எதிரே ஒரு உள்ளங்கை அகலம் தெரியும் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறார்கள். டிசம்பர் முதல் தேதி அறுவை நடந்தது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான். இப்போது மச்சான் வீட்டில் இருக்கிறார். அங்கே டிவியைப் போடவே சொல்வதில்லையாம், மனைவி சொன்னாள். அங்கே பெட்டியில் வேகம் போதவில்லை என்று நினைக்கிறேன்.