நட்சத்திரக் குறி

மார்ச் மாதத்து ஞாயிறு, நண்பகல் பன்னிரண்டு. ஊருக்கு வெளியே கிடங்குகள் நிறைந்த சாலையில் ஒரே ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவன் என் நண்பனின் அத்தை மகன். ஆபீசில் அவனுக்குப் பெயர் ‘கமாண்டு’. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே ஸ்விட்சை ஆட்டிவைப்பான். ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுவது அல்ல... ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் ஒயரெல்லாம் வந்து சேரும் தகரப் பெட்டி. மவுஸைத் தொடுகிறவர்களை அவன் மனிதர்களாகவே மதித்ததில்லை. “எலி பிடிக்கிற பசங்க” என்பான்.

அவனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை எல்லாரும் ‘மாமா’ என்றே கூப்பிட்டார்கள். ஸ்விட்சுக்குள் நுழைய அவர் வைத்திருந்த பெயரும் அதுதான். மேலிடத்தில் கோள்மூட்டி அவரை வெளியே அனுப்பியவன் கமாண்டு. கொஞ்ச நாளில் அவர் செத்துப்போனார். அப்புறமும் ஏதாவது நின்றுபோனால், “மாமா இருந்திருந்தா...” என்று ஆபீசே இழுத்தது. அது அவனுக்குப் பொறுக்கவில்லை. துக்கத்துக்குத் தலைகாட்டாத இந்தப் பெரிய மனிதன், செத்தவர் பெயரை அழிக்க லீவு நாளில் புறப்பட்டான்.

ஆபீசில் ஸ்விட்ச் இருந்த அறையில் ஃபேன் இரைச்சல்... கூடவே மாமா எப்போதும் தடவிக்கொள்ளும் தலைவலித் தைல வாடை. தன் பெயரைத் தட்டி ஸ்விட்சுக்குள் நுழைந்தான். பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். இரண்டு வரி வந்தது. ஒன்று அவன். இன்னொன்று மாமா.

கீபோர்டைத் தட்டுகிறவர் யாரோ, அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழும்.

மாமா பெயருக்கு முன்னால் விழுந்திருந்தது.

புத்தியுள்ளவன் கையை எடுத்திருப்பான். இவன் சிரித்தான்.

“செத்தும் சீட்டை விடமாட்டீங்களா மாமா? எந்திரிங்க, எந்திரிங்க!”

மாமா பெயரை அழித்தான்.

“அதனால என்ன? ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழையபடி வந்துடப்போகுது” என்றாள், கதை கேட்டுக்கொண்டிருந்த என் அக்கா.

வந்திருக்கும்... அதோடு விட்டிருந்தால். ‘ரைட்’ என்று ஒரு கட்டளை உண்டு. கொடுத்தால், செய்ததைப் பெட்டி நிரந்தரமாக எழுதிக்கொள்ளும்.

“ரைட்டு மாமா, போய்ட்டு வாங்க!” என்று உரக்கச் சொல்லி அதையும் தட்டினான் அந்த மேதாவி.

மறுபடி கேட்டான். ஒரே வரி.

மாமா. நட்சத்திரத்தோடு.

அவன் பெயரைக் காணோம். தைல வாடை இப்போது அவன் விரல்களிலிருந்து வந்தது.

வீட்டுக்குப் பறந்தான். சாவி பூட்டில் சேரவில்லை. மணி அடித்தான். கதவைத் திறந்த மகள் அண்ணாந்து பார்த்தாள்.

“அம்மா... யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க.”

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “யாருங்க வேணும்?”

தன் பெயரைச் சொன்னான்.

“அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்றாள். குழந்தையை உள்ளே இழுத்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அவன் வாசலை விட்டு நகரவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டார்கள். போலீஸ்காரர்கள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.