ஆமென் சொன்ன கையோடு எழும்பியவர்

மேடையில் இருக்கும் போதகர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் மிக அழகாகப் பேசி அமர்ந்த ஆலயக் கமிட்டித் தலைவர் லோகேஸ்வரன் அண்ணர் அவர்களே, பெண்கள் சங்கத்துத் தோழியரே, எங்கள் எவ்லின் மிஸியைப் போன கிழமை கனத்தை மயானத்தில் மண்ணுக்குள் வைத்துவிட்டு இன்றைக்கு இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் அன்பானவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

மிஸியைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வருகிறது. ஏன் வருகிறது என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

யார் எங்கள் எவ்லின் மிஸி? அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறை அனெக்ஸில் வாடகைக்குத் தனியாக இருந்தவர். ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளின் பெயர்களை வாசிக்கிறோம் அல்லவா? நாங்கள் கண்ணை மூடி ஜெபிப்போம். பிறகு தேத்தண்ணியும் ரோல்ஸும். நாங்கள் இரண்டாவது ரோல்ஸுக்குக் கை நீட்டும்போது மிஸி அந்தப் பெயர்களில் ஒருவரின் கட்டிலடியில் நிற்பார்.

அவர் சுறுசுறுப்பாகவே பிறந்தவர், நமக்கு அது வராது என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். வீட்டிலும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் ஜெபிப்பார். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

"என்ன மிஸி, கர்த்தருக்கு முன்னால செருப்போடயா?"

"எனக்கும் அலுப்புத்தான் பிள்ளை. முழங்காலும் நோகுது. செருப்பைக் கழட்டினா ஆமென் சொல்லிப்போட்டுக் கட்டில்லதான் சரிவன். போட்டிருந்தா வெளிக்கிடத்தானே வேணும். கர்த்தர் என்ர செருப்பைப் பாக்கமாட்டார். போனனா இல்லையா எண்டுதான் பாப்பார்."

இவ்வளவுதான் அவருடைய இறையியல். வார்டில் கற்ற பாடம் ஒன்றும் அதோடு இருந்தது. இன்றைக்குக் கழுவ வேண்டிய புண்ணை நாளைக்குக் கழுவுவோம் என்று விட்டால், பிறகு அந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டி வரும் என்பார். பிந்துவது அவருக்குச் சோம்பல் மட்டுமில்லை, பாவம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். இந்த மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மகரகமை ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்கு வருகிறவர்கள், கதிர்ச் சிகிச்சைக்குக் கரண்ட் பிடித்து முடியும்வரை கிழமைக் கணக்கில் கொழும்பில் நிற்க வேண்டியவர்கள், தங்க வழியில்லாமல் பஸ் ஸ்டாண்ட் வாங்குப் பலகைகளில் கிடக்கிறார்கள். அந்த அறையை அவர்களுக்குத் தாருங்கள் என்று மிஸி கமிட்டியைக் கேட்டார். என்ன பதில் கிடைத்தது?

"நல்ல விஷயம் மிஸி. ஜெபிச்சு முடிவெடுப்பம்."

கிறிஸ்மஸ் முடியட்டும் என்றோம். பெயின்ட் அடித்த பிறகு என்றோம். தபசு காலத்தில் வேண்டாம் என்றோம். புதுப் போதகர் வரட்டும் என்றோம். போதகர் ஐயா வந்தார், அவருக்கும் அதே பல்லவியைப் பழக்கிவிட்டோம். நம்மட சபை ஆக்களெண்டாப் பரவாயில்லை, இது ஆரோ தோட்டத்து ஆக்கள்தானே என்று ஒருவர் முனகினார். பெயர் சொல்ல மாட்டேன். அவர் இப்போது குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜெபித்து முடிவெடுப்போம் என்றவர்கள் ஜெபித்தீர்களா? எல்லாக் கூட்டங்களிலும் நான் இருந்தேன். அந்த அறைக்காக ஒரு ஜெபம்கூட என் காதில் விழவில்லை. செய்ய விருப்பமில்லாத வேலைக்குக் கர்த்தருடைய பெயரைப் போர்த்தி மூடிவைத்தோம். இதைவிட அசிங்கம் உண்டா?

கப்பர்நகூமில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இயேசுவிடம் வந்தார்கள். சனக்கூட்டம், உள்ளே போக வழியில்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள். பிரிக்கிறதுக்கு முதல் கமிட்டி கூட்டினார்களா? கூரை ஓட்டுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டார்களா? ஆண்டவர் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

இன்று காலை அந்தப் பின்னறையைத் திறந்து பார்த்தேன். கால் உடைந்த கதிரைகள். பாட்டு மறந்துபோன பழைய ஒலிபெருக்கி. கிறிஸ்மஸ் பாலன் குடிலின் காதில்லாத கழுதை. எல்லாவற்றுக்கும் மேலே எலிப்புழுக்கை. எலிகள் குடியேற யாரும் ஜெபித்து முடிவெடுக்கவில்லை. அவை நேரே உள்ளே போய்விட்டன.

பின் வரிசையில் கதவோரமாக ஒரு அம்மா இருக்கிறார். ஆறாயி. ஹட்டன் பக்கத்துத் தோட்டம். பக்கத்தில் சுவரில் சாய்ந்திருப்பவர் அவருடைய கணவர் அழகுமுத்து. தொண்டையில் புற்று. ஆலயம் கதவடைத்ததால் மிஸி இவர்களைத் தன் அனெக்ஸுக்கே கூட்டிப்போனார். அங்கே எப்படி இருந்தீர்கள் என்று ஆறாயியைக் கேட்டேன்.

"கட்டில அவருக்குக் குடுத்துட்டு மிஸியம்மா பாயில படுத்தாங்கம்மா. வேணாம் வேணாம்னு சொன்னேன், கேக்கல. அவங்க போன அன்னைக்கும் இவருக்குக் கஞ்சி காச்சி வச்சிட்டுத்தான் படுத்தாங்க."

அந்த வயதில், அந்த முழங்காலோடு, சிமெந்துத் தரையில் பாய். இந்த மண்டபத்தின் பின்னறையில் எலி. எனக்கு அருவருப்பு வருவது இதனால்தான். உங்களுக்கு?

இன்று காலை அனெக்ஸின் சொந்தக்காரர் கதவைப் பூட்டித் திறப்பை வாங்கிவிட்டார். அவரில் பிழையில்லை, அவர் மிஸிக்குத்தான் வீடு கொடுத்தார். அழகுமுத்துவுக்கு இன்னும் கரண்ட் பிடித்து முடியவில்லை, இடையில் விடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கதவோரம் கிடக்கும் பை அவர்களுடையது. இந்தக் கூட்டம் கலைந்ததும் அவர்கள் எங்கே போவார்கள்? பஸ் ஸ்டாண்டுக்கா, தோட்டத்துக்கா? தோட்டத்துக்குப் போனால் அந்த மனிதர் சாகப் போகிறார் என்று அர்த்தம். கர்த்தரிடம் பதில் கேட்டோம் என்கிறீர்களே, பதில் பையோடு வந்து கதவடியில் உட்கார்ந்திருக்கிறது.

மிஸியின் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் ஆதிபாவும் வந்திருக்கிறா. அனெக்ஸ் பூட்டிய செய்தி கேட்டதும் எனக்குக் கோல் எடுத்தா.

"மிஸிட ஆக்கள் ரோட்டிலயா படுக்கிற? எங்கட வீட்ட மெத்தை ஒண்டு சும்மா ஈக்கிது. த்ரீவீலர்ல போட்டுக் கொண்டு வாறன்."

மெத்தை இப்போது வாசல் கேட்டடியில் நிற்கிறது. எங்கள் வேதாகமத்தை வாசிக்காத பெண் அதன்படி நடந்துவிட்டா.

"அன்னாரின் பணியைத் தொடர்வோம்" என்று என் தலைக்கு மேலே பேனர் கட்டியிருக்கிறீர்கள். லோகேஸ்வரன் அண்ணர் கையை உயர்த்தி உறுதிமொழியும் எடுத்தார். என்னையும் எடுக்கச் சொல்லி இந்தத் தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். நான் எடுக்க மாட்டேன். உறுதிமொழி எடுத்து எடுத்துத்தானே மிஸியைப் பாயில் படுக்க வைத்தோம்.

என்ன அண்ணர்? சத்தமாகச் சொல்லுங்கோ, எல்லாருக்கும் கேட்கட்டும். "சுதர்சினி, இது இரங்கல் கூட்டம். வாற மீட்டிங்கில முதல் விஷயமா எடுப்பம்" என்கிறீர்கள். அண்ணர், வாற மீட்டிங் வரைக்கும் அழகுமுத்துவை எந்த வாங்கில் படுக்கவைக்கிறது? உங்களிடம் எனக்குப் பகையில்லை. நீங்கள் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பிந்துவதால்தான் இவ்வளவு நாற்றம்.

இதோடு என் பேச்சை நிறுத்துகிறேன். மிஸிக்கு அஞ்சலி செலுத்த விரும்புகிறவர்கள் எழும்புங்கள். ஆண்கள் பின்னறையில் கிடக்கும் அந்தக் கதிரைகளை வெளியே தூக்குங்கள். பெண்கள் சங்கம், விளக்குமாறும் டெட்டோலும் குசினியில் வைத்திருக்கிறேன். தேத்தண்ணி பிறகு.

அண்ணர், மெத்தையின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடியுங்கோ, மற்றப் பக்கம் நான் பிடிக்கிறேன். போதகர் ஐயா, முடிவு ஜெபத்துக்கு எழும்பிவிட்டீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அழகுமுத்து படுத்த பிறகு, அந்த அறைக்குள் நின்று சொல்லுங்கள்.