விபூதிக்குக் கீழே இருந்த நெற்றி

என் பெயர் குணமதி, வயது நாற்பத்தெட்டு. கணவர் பெயர் நேமிநாதன். நான் போளூர் வட்டம், கீழ்வனத்தாங்கல் கிராமம், ஜினாலயத் தெருவில் உள்ள சொந்த வீட்டில் என் மகள் சுருதியுடன் வசித்து வருகிறேன். விவசாயம் செய்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். கணவர் உயிருடன் இருக்கிறாரா என்று ஏட்டய்யா கேட்டார். அது தெரியாமல்தான் இவ்வளவும் நடந்தது, அதையே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

எட்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம், போளூரில் உர மூட்டை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தாலாவது காரணம் தெரிந்திருக்கும். அவர் குடிக்க மாட்டார், அதிகம் பேசவும் மாட்டார். அப்போது சுருதிக்குப் பதினாறு வயது. நான் காவல் நிலையத்துக்குக் கிளம்பியபோது அவருடைய அண்ணன் வாசலில் வந்து மறித்து, "போலீசு கேசுன்னு போனா பொண்ணுக்கு நாளைக்கு எவன் வருவான், அவனே வந்துடுவான் இரு"ன்னு சொன்னார். அதனால் நான் புகார் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். வேர்க்கடலை பிடுங்கினேன், பெண்ணைப் படிக்க வைத்தேன்.

என் கணவருக்கு இடது புருவத்துக்கு மேலே, பம்புசெட் பெல்ட் அறுந்து அடித்ததால் ஏற்பட்ட தழும்பு உண்டு. அது கல்யாணத்துக்குப் பிறகு பட்ட அடி என்பதால் கல்யாணப் போட்டோவில் இருக்காது. ரேஷன் அட்டையில் உள்ள படத்தில் முகமே கரி பூசினாற்போல்தான் இருக்கும். வேறு படம் எங்களிடம் இல்லை.

அதன் பிறகு, இந்தக் கார்த்திகை மாதம் என் மகளுக்கு வந்தவாசிப் பக்கத்தில் வரன் முடிந்து, தை மாதம் முகூர்த்தம் குறித்தோம். பத்திரிகை அடிப்பதற்காக நானும் சுருதியும் திருவண்ணாமலைக்கு வந்து தேரடித் தெருவில் ஓர் அச்சகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர், "அப்பா பேருக்கு முன்னாடி திரு போடறதா, காலஞ்சென்றன்னு போடறதாம்மா?" என்று கேட்டார். சுருதி திரு என்றாள். நான் நாளைக்குச் சொல்கிறோம் என்று சொல்லி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இல்லாத மனுஷனுக்கு என்ன மரியாதை வேண்டியிருக்கிறது என்று நான் சொன்னதாகவும், அதற்கு அவள் அழுததாகவும் ஞாபகம். நான் கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரி.

அப்படிச் சண்டை போட்டுக்கொண்டே பேருந்து நிலையத்துக்கு நடந்து வரும்போது, மின்கம்பத்தில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தேன். மலைச்சாரல் ஓவியர் சங்கத்தின் பதினோராம் ஆண்டு ஓவியக் கண்காட்சி, செங்கம் சாலை, அனுமதி இலவசம் என்று போட்டிருந்தது. அதில் தாடியும் ருத்திராட்சமுமாக, நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு சாமியாரின் முகத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். வலது கண்ணிமை சற்று இறங்கியிருந்தது, என் கணவருக்கும் அப்படித்தான். நான் நின்றுவிட்டேன். சுருதி, "யம்மா, சும்மா வா. தாடி வச்சா எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான்"னு சொன்னாள். பதினேழு வருடம் எதிரில் உட்காரவைத்துச் சோறு போட்ட முகம் எனக்குத் தெரியாதா என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன்.

கண்காட்சி ஆசிரமத்தைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். விடியற்காலை மலை, மழையில் மலை, தீபத்தோடு மலை. ஒரு சுவர் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டிக்கு வரைந்த மயிலும் கோபுரமும் இருந்தன. கடைசிச் சுவரில் சாமியார்கள். பேனரில் இருந்த படம் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அதை வரைந்தவர் மாறன் என்றும், அவர் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர் என்றும் சங்கத்தின் செயலாளர் அறிவுச்செல்வன் சொன்னார். அறிவுச்செல்வன் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை.

மாறனிடம் இவர் யார் என்று கேட்டேன். சங்கத்து ஆட்கள் ஞாயிறுதோறும் கிரிவலப் பாதையில் கூடிப் படம் போடுவார்கள் என்றும், அங்கே இருக்கும் சாமியார்களில் ஒருவரை உட்காரவைத்து டிபன் வாங்கிக் கொடுப்பார்கள் என்றும், இவர் இரண்டு வருடமாக வந்து உட்கார்ந்தார் என்றும், பேசாததால் மௌனசாமி என்று கூப்பிட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு அவராகவே, "ஆடாம அசையாம உக்காருவாருங்க, அவர மாதிரி ஆளே கெடையாது. ஆனா ஒண்ணு, சாயங்காலம் லேட்டாச்சுன்னா எது குடுத்தாலும் தொடமாட்டாரு. லைட்டு போட்டுட்டா பச்சத்தண்ணிதான்"னு சொன்னார்.

நாங்கள் ஜைனர்கள். இருட்டிய பிறகு சாப்பிட மாட்டோம். அதைக் கேட்டதும் சுருதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் ஊரிலிருந்து இங்கே வர ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் முகத்தைக் காட்டியவருக்கு, பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஏட்டய்யா சொன்னார். எனக்குத் தேவை என்று சொன்னேன், எழுதினார்.

நாங்கள் விபூதி பூசுவதில்லையே, இவர் பூசியிருந்தாரா என்று மாறனைக் கேட்டேன். அவர் செயலாளரின் முகத்தைப் பார்த்தார். செயலாளர், "இல்லம்மா, அது நாங்க போடறதுதான். விபூதி இல்லாத சாமியார் படத்த யாரும்மா வாங்குறாங்க?" என்றார். ருத்திராட்சமும் அப்படித்தானாம். மௌனசாமி இப்போது எங்கே என்று கேட்டேன். மாறன், போன வருடம் ஐப்பசி மழையில் ஏரியில் ஒரு பிணம் மிதந்தது என்றும், அதன் தோளில் சங்கத்தின் பெயர் போட்ட துணிப்பை இருந்ததால் மௌனசாமி என்று தெரிந்தது என்றும், மௌனசாமி யார் என்பது ஒருவருக்கும் தெரியாததால் அநாதைப் பிணமாக அடக்கம் செய்துவிட்டார்கள் என்றும் சொன்னார். நாங்கள் புதைக்கிறவர்கள் இல்லை, எரிக்கிறவர்கள்.

அன்றே நானும் சுருதியும் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தோம். அப்போது இருந்த அதிகாரி பழைய கோப்பை எடுத்துப் போட்டோவைக் காட்டினார். தண்ணீரில் பல நாள் கிடந்ததால் அதில் முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. சுருதி வெளியே போய் வாந்தி எடுத்தாள். நான் முழுவதும் பார்த்தேன். கையும் காலும் யாருடையதாகவும் இருக்கலாம். அந்த அதிகாரி, "பொணம் மௌனசாமிதாம்மா, அதுல சந்தேகமில்ல. மௌனசாமி உங்க வீட்டுக்காரர்தான்னு சொல்ல என்ன இருக்கு? சாயல் இருக்குன்னு சொன்னா தோண்டி டெஸ்ட் எடுக்க விடமாட்டாங்க. அந்தத் தழும்பு தெரியற மாதிரி எதுனா கொண்டாங்க, மேல எழுதிப் பாக்கறேன்"னு சொன்னார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மறுநாள் காலை நான் மட்டும் மறுபடி கண்காட்சிக்குப் போனேன். மாறனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஆளின் நெற்றியில் தழும்பு எதுவும் இருந்ததா என்று கேட்டேன். எந்தப் பக்கம், எப்படிப்பட்டது என்று நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் ஆறுதலுக்காக அதையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். அவர் யோசித்து, "இருந்துச்சும்மா. ஒரு வெட்டு மாதிரி. நான் மொதல்ல இருக்கறத இருக்கற மாதிரியேதான் போட்டேன். எல்லாம் முடிச்ச பெறகுதான் அது மேல வெள்ளைய வச்சு விபூதி போட்டேன். அடியில இருக்கும்" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். விபூதி போடுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அப்படியானால் அந்த வெள்ளையை மட்டும் எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் செயலாளரைக் கேட்க வேண்டும் என்றார். செயலாளரிடம் போனோம். அந்தப் படம் விற்றுவிட்டது என்றும், வாங்கிய வெளிநாட்டு அம்மாள் மதியம் வந்து எடுத்துப் போகிறார் என்றும், இந்தச் சங்கத்தில் ஒரு படம் விற்பதே அபூர்வம் என்றும் அவர் சொன்னார். நான் அவர் காலைத் தொடப் போனேன். அவர் பின்னால் நகர்ந்து, "ஐயோ, வேணாம்மா. நான் என்ன செய்யட்டும், வாக்கு குடுத்துட்டேன். அந்தம்மா வந்தா கேட்டுப் பாக்கறேன்"னு சொன்னார். அவர் கேட்டிருப்பாரா, கேட்டிருக்க மாட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க யாரோ பெரிய மனிதர் வந்ததால் எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். படத்தைச் சுருட்டி எடுத்துப் போவதற்காகச் சட்டத்திலிருந்து கழற்றி மேசை மேல் வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடி இல்லை. மேசை மேல் தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் முந்தானையின் நுனியை நனைத்துப் பிழிந்து, நெற்றியில் இடது புருவத்துக்கு மேலே துடைத்தேன். பாத்திரம் விளக்குவது போல் தேய்த்ததாகச் சங்கத்தார் கொடுத்த புகாரில் எழுதியிருப்பது பொய். மெதுவாகத்தான் துடைத்தேன். எனக்கு அந்தப் படத்தைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. என்னைப் போல் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

முதலில் வெள்ளை வந்தது. துணியில் ஒட்டியது. அதன் கீழே தோலின் நிறம் தெரிந்தது. அதில் சற்றுக் கறுப்பாக ஏதோ இருப்பது போல் இருந்தது. அது கோடா, நனைந்த வண்ணம் ஓடியதா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வெள்ளை போனால் தெரிந்துவிடும் என்று இன்னொரு தரம் துடைத்தேன். தோல் நிறமும் கையோடு வந்துவிட்டது. ஈரம் கீழே இறங்கி இரண்டு கண்ணும் கலங்கின. ஒற்றி எடுக்கலாம் என்று துணியை வைத்தேன், அதற்குள் மூக்கும் கலைந்துவிட்டது. காகிதம் நூல் நூலாகப் பிரிந்தது. தாடியும் ருத்திராட்சமும் மட்டும் அப்படியே இருந்தன.

தழும்பைப் பார்த்தாயா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்று இங்கே கேட்டார்கள். இல்லை.

அதன் பிறகு ஒரு பெண் பிள்ளை பார்த்துவிட்டுக் கத்தியதால் எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள். செயலாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு, "பதினோரு வருஷத்துல இப்படி ஒண்ணு நடந்ததில்ல"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நானும் ஓடவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் வருவதற்குள் சுருதிக்குப் போன் செய்தேன். பேனரில் உள்ளதை வைத்துப் பார்க்கலாமே என்று அவள் சொன்னாள். பேனரில் விபூதிதான் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் பிளாஸ்டிக்.

அதன் பிறகு மாறன் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். அவருடைய படம்தான் பாழானது. ஆனாலும் அவர் என் மேல் கோபப்படவில்லை. "அழாதீங்கம்மா, நான் திரும்பப் போட்டுத் தரேன். விபூதி இல்லாமலே போடறேன்"னு சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு, "அந்தத் தழும்பு மட்டும் எந்தப் பக்கம் இருந்துச்சு, எப்பிடி இருந்துச்சுன்னு நீங்க சொல்லிடுங்க, அதே மாதிரி வச்சுடறேன்" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். எந்தப் பக்கம் என்று அவருக்கு நான் இதுவரை சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல ஏட்டய்யா எழுதிய இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது. யார் மிரட்டியும், யார் சொல்லிக்கொடுத்தும் இதைச் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

(ஒப்பம்)
நே. குணமதி