சேமி இருந்த இடம்

புதிய எடிட்டர் எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாருக்கும் அது பிடிக்கவில்லை.

எடிட்டர் என்றால் ஆள் இல்லை, மேடம். எங்கள் இணையதளத்தில் வலைப்பதிவு வைத்திருப்பவர்கள் தங்கள் பதிவைத் தட்டச்சு செய்கிற பக்கத்துக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். நேற்று போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. பேசச் சொன்னால் எப்போதுமே அப்படித்தான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதும் அதனால்தான். எழுதினால் தடங்கல் இருக்காது. நீங்கள் சித்தூர்க்காரர், தமிழ் படிப்பீர்கள் என்று கான்ஸ்டபிள் அம்மா சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் கிருஷ்ணபிரசாத் அங்கிள் இருக்கிறார். இணையதளத்தின் தமிழ்ப் பிரிவு அவர் பொறுப்பு. இங்கே செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. எடிட்டரை வடிவமைத்த ஸ்ரீனிவாஸ் தெலுங்குக்காரர், அவருக்கும் தமிழ் படிக்க வராது. ஆனால் எழுதுகிறவர்கள் புகாரைத் தமிழில்தான் அனுப்புவார்கள். அந்தக் கடிதங்களை நான் வீட்டில் உட்கார்ந்து படித்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, ஒரு நிறம் வைப்பேன். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் இந்த வாரத்துக்குள். பச்சை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், பதில் மட்டும் போதும். இரண்டு வருடமாக நான் வைத்த நிறத்தை யாரும் சரிபார்த்ததில்லை. சரிபார்க்க அவர்களால் முடியாது.

மார்ச் மாதம் புதிய எடிட்டர் வந்தது. பழையதில் மேலே வலது மூலையில் 'சேமி' என்று ஒரு பொத்தான் உண்டு. புதியதில் எழுத எழுதத் தானாகவே சேமிப்பாகிவிடும் என்பதால் அதை எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் 'வெளியிடு' வந்தது. பத்து வருடமாக அந்த மூலையை அழுத்திப் பழகிய விரல்கள், மேடம். பாதி எழுதிய பதிவுகள் நூற்றுக்கணக்கில் வெளியே போயின. இரண்டு வாரத்தில் அறுநூறு கடிதங்கள் வந்தன.

சில நன்றாகவே இருந்தன. "நான் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் என் மருமகள் சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தது போல இருக்கிறது" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். திருச்சியிலிருந்து நடேசன் என்ற பெரியவர், பழைய எடிட்டர் திரும்பி வரும்வரை வெண்பா எழுதுவதில்லை என்று அறிவித்திருந்தார். அதைக் கிருஷ்ணபிரசாத் அங்கிளுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"வெண்பான்னா என்னம்மா?"

"கவிதை, அங்கிள்."

"அப்ப நிறுத்தட்டும். நக்கோ, வேண்டாம்னெல்லாம் சொல்லாதே. பச்சை வை."

எவாஞ்சலின் எழுதிய முதல் கடிதம் அந்த அறுநூறில் ஒன்று. மல்லாபூரில் இருப்பதாகவும், 'மதிய டப்பா' என்ற பெயரில் சமையல் பதிவு எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். மற்றவர்களைப் போல அவர் திட்டவில்லை. "அந்தப் பொத்தானைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. என்னிடம் நாற்பது வரைவுகள் இருக்கின்றன. ஒன்றும் சமையல் அல்ல. யாரும் பார்க்கக் கூடாதவை. தவறி விரல் பட்டால் என்ன ஆகும்?" அவ்வளவுதான்.

வரைவுகள் பத்திரமாக இருக்கும், உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது என்று பதில் அனுப்பினேன். அலுவலகம் எழுதி வைத்திருக்கிற பதில் அது, என்னுடையது அல்ல. முழு உண்மையும் அல்ல. என்னைப் போல உதவிப் பிரிவில் இருப்பவர்களால் எழுதுகிறவருடைய கணக்குக்குள் அவர் பெயரிலேயே நுழைய முடியும். சிக்கல் என்னவென்று பார்க்க அந்த வசதி தேவை. வரைவுகள் உண்மையிலேயே பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் நான் நுழைந்தேன்.

நாற்பதையும் படித்தேன். அவர் கணவர் சாம்ராஜைப் பற்றியவை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அடி எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இவர் எழுதியிருந்த விதம் வேறு. "அவர் கோபமாக வருகிற நாளில் செருப்பைக் கழற்றும் சத்தம் மாறியிருக்கும். முதல் செருப்புக்கும் இரண்டாவது செருப்புக்கும் நடுவில் நான் அடுப்பை அணைத்துவிடுவேன்." இன்னொரு இடத்தில், "அடித்து முடித்ததும் அவருக்குப் பசிக்கும். உப்பு சரியாக இருக்கிறது என்று பாராட்டுவார்."

என்னிடம் பதினேழு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன, மேடம். அலமாரியில் துணிக்கு அடியில். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. யாருக்கும் காட்டவும் மாட்டேன். பதினேழிலும் தேடினாலும் அந்தச் செருப்பு வரி போல ஒன்று கிடைக்காது. அதனால் எனக்குப் பொறாமை இல்லை. இப்படி எழுதுகிறவர் கத்திரிக்காய் வதக்கலுக்கு மட்டும் பெயர் வாங்குகிறாரே என்று வருத்தமாக இருந்தது. அதன் பிறகு தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே, புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று உள்ளே போய்ப் பார்ப்பேன்.

ஏப்ரலில் நாற்பத்தொன்றாவது வரைவு வந்தது. பதினேழாம் தேதி மகள் ஜூடித்துக்குக் கடைசிப் பரீட்சை. பள்ளிக்கூட வாசலிலிருந்தே ஆட்டோ பிடித்து செகந்திராபாத் ஸ்டேஷன், அங்கிருந்து நாகர்கோவிலில் அக்கா வீடு. எந்தப் பையில் எதை வைத்திருக்கிறார், சாம்ராஜுக்குச் சந்தேகம் வராமல் இருக்க அன்று காலை டப்பாவில் என்ன கட்டிக் கொடுக்கப் போகிறார் என்பது வரை எழுதியிருந்தார். மற்ற நாற்பதிலும் அவர் அழுதுகொண்டிருக்கிறார். இதில் மட்டும் அழவில்லை. நாற்பத்தொன்றில் சிறந்தது அதுதான். நீங்களும் படித்துப் பாருங்கள், ஒப்புக்கொள்வீர்கள்.

பதினைந்தாம் தேதி காலை அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. எல்லா வரைவுகளையும் அழித்துவிடுங்கள், ஃபோனில் அழித்தால் குப்பைக் கூடையில் தங்கிவிடுகிறது, அடியோடு போக வேண்டும், கணக்கையும் மூடிவிடுங்கள், நாளைக்குள் செய்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டிருந்தார். நன்றி என்று இரண்டு முறை எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றையும் நானே அழிக்க வேண்டும். ஒருவர்கூடப் படிக்காமல். உங்களால் முடியுமா என்று தெரியவில்லை, என்னால் முடியவில்லை. ஒன்றையாவது நாலு பேர் படித்த பிறகு அழிக்கலாம் என்று நினைத்தேன்.

பதினொன்று பத்துக்கு அவருடைய கணக்குக்குள் போய், நாற்பத்தொன்றாவது வரைவைத் திறந்து, வலது மூலையில் அழுத்தினேன். பதிவேட்டில் அவரே வெளியிட்டது போலத்தான் இருக்கும். சேமி இருந்த இடத்தைத் தவறுதலாக அழுத்திவிட்டார் என்று எல்லோரும் நம்பியது அதனால்தான். அதற்கு முன்பு அறுநூறு பேருக்கு அப்படி நடந்திருந்ததே.

முதல் பத்து நிமிடத்தில் முப்பது பேர் படித்தார்கள். இவ்வளவு நாள் இவர் எங்கே இருந்தார் என்று ஒருவர் கேட்டிருந்தார். செருப்புச் சத்தத்தை ஒருவர் எடுத்து எழுதி, இதைப் படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்றார். மேடம், அந்த வரி நாற்பத்தொன்றாவது வரைவில் இல்லை. எட்டாவதில்தான் இருந்தது. இரண்டையும் நான்தான் சேர்த்திருந்தேன். சரியான இடத்தில்தான் சேர்த்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

பதினொன்று இருபத்துநான்குக்கு எவாஞ்சலின் எழுதினார். "நான் எதையும் தொடவில்லை. பதிவு வெளியே போயிருக்கிறது. எடுத்துவிடுங்கள்." பதிவைத் திரும்பப் பெறும் வசதி புதிய எடிட்டரில் மூன்று புள்ளிகள் போட்ட குறிக்குள் இருக்கிறது, ஃபோனில் அந்த மூன்று புள்ளிகள் தெரியாது. அவரிடம் ஃபோன் மட்டும்தான். ஆகவே நாங்கள்தான் எடுக்க வேண்டும், அதாவது நான். பச்சை வைத்தேன். 'எழுதுகிறவருக்குப் பொத்தான் இருக்கும் இடம் தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அன்று வந்த கடிதங்களில் பாதிக்கு அதே வரிதான்.

பதினொன்று நாற்பதுக்கு அடுத்தது. "அவர் ஒரு மணிக்கு ஃபோனை எடுப்பார்." எனக்கு அது முன்பே தெரியும். தொழிற்சாலைக்குள் ஃபோன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, மனைவியின் புதிய பதிவு வந்திருந்தால் கேன்டீனில் நண்பர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். அவருக்கு அதில் பெருமை. பன்னிரண்டாவது வரைவில் இருக்கிறது. அதனால் பதற்றப்பட எனக்குக் காரணம் இல்லை. ஒரு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது கடிதங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் கணினி மணி அடித்தது. பின்னூட்டங்களைச் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. அதனால் அவருக்குப் பதில் எழுதினேன். "உங்கள் கோரிக்கை கவனிக்கப்படுகிறது. ஒரு மணிக்குள் பதிவு நீக்கப்படும். தயவுசெய்து காத்திருங்கள்." இது அலுவலகம் எழுதி வைத்தது அல்ல, நானே எழுதியது. மணி நின்றது. கடைசியாக ஒரே ஒரு கடிதம் மட்டும் வந்தது. "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார். பையைத் தூக்கிவிட்டேன், திரும்ப வைத்துவிட்டேன். ஜூடித் இன்றைய பரீட்சையை முழுவதும் எழுதட்டும்."

கிருஷ்ணபிரசாத் அங்கிள் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்.

"நித்யா, இன்னிக்கு சிவப்பு ஏதாச்சும் இருக்கா?"

"இல்லை, அங்கிள்."

"ஒண்ணுகூடவா? நிஜமாவா சொல்றே?"

"எல்லாம் பச்சை."

"நல்ல பொண்ணு. அந்த வெண்பா தாத்தா?"

"அவர் மறுபடியும் எழுத ஆரம்பிச்சுட்டார்."

"ஹவ், ஹவ், ஆமா, தெரியும். அவங்களால எழுதாம இருக்க முடியாது." சிரித்தார். "நான் சாப்பிடப் போறேம்மா. நீயும் சாப்பிடு."

நான் சாப்பிடவில்லை. அந்த நேரத்தில் ஆயிரத்து நானூறு பேர் படித்திருந்தார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரும்பப் பெறும் பக்கத்தைத் திறந்தேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. கை அதன் மேல்தான் இருந்தது. அப்போது சென்னையில் ஒரு பத்திரிகையில் வேலை செய்கிறவர், இதை எழுதியவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று நீளமாகப் பின்னூட்டம் எழுதியிருந்தார். அதை இரண்டு முறை படித்தேன். இன்னும் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். எழுதினார்கள்.

ஒன்று இருபதுக்குப் பதிவை எடுத்துவிட்டேன். என்ன சொன்னேனோ அதைச் செய்தேன், இருபது நிமிடம் தாமதம். ஜீடிமெட்லாவிலிருந்து மல்லாபூருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. லோத்குண்டாவை விட்டு நான் எங்கேயும் போவதில்லை. மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள் என்று செய்தியில்தான் பார்த்தேன். ஜூடித் அப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருந்திருக்கிறாள். அந்த மட்டில் நல்லது.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஸ்ரீனிவாஸுக்காக. பொத்தானை அந்த இடத்தில் வைத்ததால்தான் ஒரு உயிர் போனது என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போவதற்கு முன்பு எனக்கு ஃபோன் செய்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. "நித்யாகாரு, அறுநூறு பேர் சொன்னாங்க, அந்த இடம் டேஞ்சர்னு. நான் மாத்தல. நானே சம்பினமாதிரி," என்றார். கொன்றது மாதிரி என்று அர்த்தம். பெரிய ஆள் அழுது நான் கேட்டதில்லை. அவரிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் செய்தது நல்ல எடிட்டர், மேடம். பொத்தான் சரியான இடத்தில்தான் இருக்கிறது. எவாஞ்சலின் அதைத் தொடவே இல்லை. நான்தான் அழுத்தினேன், தெரிந்துதான் அழுத்தினேன், காத்திருக்கச் சொன்னதும் நான்தான். காத்திருக்கச் சொல்லியிருக்காவிட்டால் அவர் பன்னிரண்டு மணிக்கே மகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இதைத் தெலுங்கில் மொழிபெயர்த்து அவருக்குக் காட்டுங்கள்.

வரைவுகள் எங்கே என்று தேட வேண்டாம். அவர் கேட்டபடியே அன்று மாலை நாற்பத்தொன்றையும் அழித்துவிட்டேன், கணக்கையும் மூடிவிட்டேன். அழிப்பதற்கு முன்பு என் கையால் ஒரு நோட்டில் எடுத்து எழுதிக்கொண்டேன். பதினெட்டாவது நோட்டு. சில இடங்களில் வாக்கியத்தைச் சுருக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த நோட்டு ஜூடித்துக்குப் போய்ச் சேர வேண்டும். எட்டு வயது, நாகர்கோவிலில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இங்கே படித்த பிள்ளை, தமிழ் எழுத்து தெரியாதாம். நீங்கள் அனுமதித்தால் வாரத்தில் ஒரு நாள் நானே ஃபோனில் சொல்லித் தருகிறேன். அம்மா எழுதியதையே வைத்துப் படித்தால் சீக்கிரம் வந்துவிடும்.