பின்சக்கர பிரேக்

துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துவிட்டு மூன்று நாள் வேறு வேலை பார்க்க வேண்டும். நான்காம் நாள் அதுவே இளகிக் கொடுக்கும். நேற்று உங்கள் ஸ்டேஷன் முற்றத்தில் உங்கள் ஆட்கள் என் மோட்டார் சைக்கிளைப் பிரித்த விதத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்த எடுப்பில் சுத்தியல். கால் வைக்கும் கம்பியின் மரை போய்விட்டது. அந்த மரையை வெட்ட எனக்கு ஒரு மாதம் ஆனது. பரவாயில்லை, இனி யாரும் அதில் கால் வைக்கப் போவதில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். பதினெட்டு வருடமாக அதே மேஜை. மயிரிழை பிசகினால் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும். என் கையால் இதுவரை யாருக்கும் தலைவலி வந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கையைப் பற்றித்தான் கடைசியில் பேச்சு வரும்.

வண்டி அப்பாவுடையது. நான் பள்ளியில் சேர்ந்த வருடம் வாங்கினார். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்கும். அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். அவனுக்கு ஓட்டத்தான் தெரியும். கழுவுவது, எண்ணெய் விடுவது, கழற்றி மாட்டுவது எல்லாம் நான். ஓட்டுகிறவனைத்தான் ஊர் பார்க்கும். துடைக்கிறவனை யார் பார்ப்பார்கள்? இதைப் பொறாமை என்று எழுதாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு காலையில், அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அண்ணன் கிளம்பினான். எங்கள் தெரு முடிந்ததும் ஓர் இறக்கம், இறக்கத்தின் அடியில் பாலம், பாலத்துக்கு முன்னால் லாரிகள் திரும்பும் முக்கு. நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். அப்பா அங்கேயே போய்விட்டார். அண்ணனுக்குத் தோள் எலும்பு உடைந்தது. அது சரியாகக் கூடவில்லை. கடைசி வரை ஒரு தோள் இறங்கித்தான் இருந்தது.

"பிரேக் பிடிக்கலம்மா" என்றான். கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முந்தின நாள் பின்சக்கர பிரேக்கைக் கழற்றி மாட்டியவன் நான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் அழவில்லை, நிதானமாகத்தான் சொன்னேன்: "நேத்துதான் மாட்டினேன். புதுசு மாதிரி இருந்துச்சு. இவன் ஓட்டுற வேகத்துக்கு எந்த பிரேக்கும் நிக்காது."

அண்ணன் வேகமாக ஓட்டுகிறவன்தான். அதில் பொய் இல்லை. ஆகவே எல்லோரும் நம்பினார்கள். அவன் என்னை ஒரு முறை பார்த்தான், அவ்வளவுதான், பதில் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அம்மா அவனிடம், "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாள். போனான். எங்கோ பஸ் டிரைவராகச் சேர்ந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இருபது வருடத்தில் ஒரு கோழியின் மேல்கூட பஸ்ஸை ஏற்றவில்லை என்று பாராட்டி ஒரு கடிகாரம் கொடுத்தார்களாம். கேட்டுச் சிரித்தேன்.

வண்டி வீட்டின் பின்னால் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாதான் சொன்னாள்: "ஒண்ணு ஓட்டு, இல்ல வித்துத் தொலை. பாம்பு வந்து குடித்தனம் பண்ணப் போகுது." அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தேன்.

அந்த மூன்று வருடம் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று சொல்வேன். சைலன்ஸருக்குள் குளவிக் கூடு இருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கல்லாகிவிட்டிருந்தது. மேலே எண்ணெய் ஊற்றிப் பத்து நாள் காத்திருந்தேன். டேங்கின் உள் துருவை எடுக்க ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டு, தொட்டில் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக் குலுக்கினேன். பழைய உதிரிபாகக் கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் வானொலி. எதைக் கேட்டாலும் முதலில் தன் சம்பந்தி கதையைச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, அலமாரியில் அடுக்கினேன். நான் எதையும் தூக்கி எறிகிறவன் இல்லை.

கடைசியாகப் பின்சக்கர பிரேக்குக்கு வந்தேன். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். காலால் மிதிக்கும் பெடலிலிருந்து சக்கரத்துக்கு ஒரு ராடு போகும். ராடையும் பெடலையும் ஒரு சிறிய முளை இணைக்கும். அந்த முளை நழுவி விழாமல் இருக்க, அதன் நுனி ஓட்டையில் இரண்டாக மடித்த ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட வேண்டும். அதற்குப் பெயர் காட்டர். கொண்டை ஊசி அளவுகூட இருக்காது. முன்சக்கர பிரேக் அந்த வண்டியில் பேருக்குத்தான், இறக்கத்தில் நிறுத்துவது இதுதான்.

ராடு தொங்கிக்கொண்டிருந்தது. முளையும் இல்லை, காட்டரும் இல்லை. மோதலில் பிய்ந்திருந்தால் ராடின் வாய் கிழிந்திருக்கும், வளைந்திருக்கும். அது செய்த நாளில் இருந்த மாதிரி நேராக இருந்தது.

அப்பாவின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு மாத்திரை டப்பா. சின்னச் சாமான்கள் தொலையாமல் இருக்க அந்தக் காலத்திலேயே நான் அதில்தான் போட்டு வைப்பேன். உள்ளே ஒரு புதுக் காட்டர், வாங்கிய காகிதத்தோடு. கால்கள் விரிக்கப்படாமல் நேராக இருந்தன.

இதை நீங்கள் ஆதாரம் என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம், அண்ணன் உட்பட. நான் இரண்டு காட்டர் வாங்கியிருக்கலாம். டப்பாவை மூடினேன். அதன் மேல் எந்தப் பெயரும் எழுதவில்லை. புது முளை, புதுக் காட்டர் போட்டு வேலையை முடித்தேன்.

முதல் முறை என்ஜின் பிடித்த அன்று அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அரை மணி நேரம் நின்றாள். மறுநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சொந்தக்காரர்களிடம் நம்பர் வாங்கி அண்ணனுக்குப் போன் செய்தாள். "தம்பி வண்டிய எழுப்பிட்டான். வந்து பாத்துட்டுப் போ." இருபத்திரண்டு வருடக் கோபம் ஒரு சத்தத்தில் கரைந்தது. மூன்று வருடம் கை தேய வேலை செய்தவன் நான். அதன் பலன் அவனுக்குப் போனது. எப்போதும் போல.

வந்தான். தலை நரைத்திருந்தது. அம்மா அவனிடம் பேசவில்லை, ஆனால் நாற்காலியை எடுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. நேரே கொட்டகைக்கு வந்தான். பெயின்ட்டைப் பார்க்கவில்லை, டேங்கின் மேல் நான் கையால் இழுத்த தங்கக் கோட்டைப் பார்க்கவில்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ராடை விரலால் தொட்டான்.

"இதோட பழசு எங்க?"

"எது?"

"முளை. காட்டர்."

"துரு பிடிச்சுப் போச்சு. எறிஞ்சுட்டேன்."

அலமாரியைப் பார்த்தான். "செத்துப்போன குளவியோட கூட்டக்கூட டப்பால போட்டுப் பேர் எழுதி வெச்சிருக்க. இத மட்டும் எறிஞ்சுட்டியா?"

நான் துணியை எடுத்து டேங்கைத் துடைத்தேன்.  அவன் சொன்னான்: "பெடல மிதிச்சேன்டா. பொதுக்குன்னு அடியில போயிடுச்சு. ராடு ரோட்டுல இழுபடுற சத்தம் கேட்டுது. அப்பவே தெரியும் எனக்கு."

"அப்ப ஏன் சொல்லல?"

"பிரேக் பிடிக்கலன்னு சொன்னேனே. ராடு கழண்டு விழுந்துச்சுன்னுதான் சொல்லல. சொல்லியிருந்தா அம்மாவுக்கு ரெண்டு புள்ளையும் இல்லாமப் போயிருக்கும். பத்தொன்பது வயசுல யாருக்கும் கை தவறும் தம்பி. உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு, போதும். அவ சாகறதுக்குள்ள என்கூட நல்லபடியா பேசணும்."

என் தலையில் கை வைத்தான். 

ஐயா, உங்களை யாராவது மன்னித்திருக்கிறார்களா? நீங்கள் கேட்காமலே? மன்னிக்கிறவன் எப்போதும் மேலே நின்றுதான் மன்னிக்கிறான். இருபத்திரண்டு வருடம் அவன் எங்கோ உட்கார்ந்து தினமும் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான், எனக்குத் தெரியாமல். என் சாப்பாட்டில், என் தூக்கத்தில், அம்மா என்னை "நல்ல புள்ள" என்று சொன்ன ஒவ்வொரு முறையும், அவன் பிச்சை போட்டிருக்கிறான். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வா. நானே சொல்றேன்" என்றேன்.

அந்த வாரம் கடையில் மதிய இடைவேளையில் அதைச் செய்தேன். லென்ஸைத் தேய்க்கும்போது பிடியில் ஒட்டவைக்க ஒரு கருப்பு மெழுகு வைத்திருப்போம். அதை உருக்கி, நூல் மாதிரி இழுத்து, வெள்ளிப் பொடி பூசி, ஒரு காட்டர் செய்தேன். கால்களை அழகாக விரித்து மடக்கினேன். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை. கையால் அமுக்கினால் தாங்கும், ரோட்டில் குலுங்கினால் உடையும். உங்கள் நிபுணர் அந்த ஓட்டையில் கருப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது, கிரீஸ் இல்லை என்று எழுதியிருக்கிறாராமே. சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தான். "முதல்ல பாலம் வரைக்கும் ஒரு நடை ஓட்டிட்டு வா. நீ ஓட்டுறத அம்மா பாத்தா மனசு எளகும். வந்ததும் பேசிக்கலாம்" என்றேன். அவன் குந்தி உட்கார்ந்தான். நான் எதிர்பார்த்ததுதான். காட்டரை உற்றுப் பார்த்தான். பெடலைக் கையால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தான், சக்கரம் நின்றது. எழுந்து என் முதுகில் தட்டினான்.

"நல்லா போட்டிருக்கடா" என்றான்.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள். செருப்பு மாட்டியிருந்தாள். அண்ணனைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்து, "நானும் ஒக்காந்துக்கறேன்" என்றாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அவனிடம் அவள் நேரில் பேசிய முதல் பேச்சு அது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

தடுத்திருக்கலாம் என்கிறீர்கள். தடுத்தால் காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். நான் யோசிக்காமல் இல்லை, யோசித்தேன். உள்ளே போய் என் ஹெல்மெட்டை எடுத்து வந்து அம்மாவின் தலையில் நானே மாட்டி, வாரை இறுக்கிவிட்டேன். தாடையில் உறுத்துகிறதா என்றுகூடக் கேட்டேன். அம்மாமேல் பாசம் இல்லாதவன் இதைச் செய்வானா? அந்த ஹெல்மெட் இல்லையென்றால் இன்று அவள் உயிரோடு இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

மோதிய சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. ஓடவில்லை. நடந்து போனேன்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைத்தான் கூப்பிட்டாள். "நடக்குற வேகத்துலதான்டா போனான்" என்றாள். "எறக்கத்துல மிதிச்சான். ரெண்டாந்தரம் மிதிச்சான். 'அம்மா, பிரேக் இல்ல, என் இடுப்ப விடு'ன்னான். நான் பயத்துல கட்டிப் புடிச்சுக்கிட்டேன். ஒத்தக் கையால என் கையப் பிச்செடுத்து, ஓரத்து மண்ணுல என்னத் தள்ளிவிட்டுட்டு, அவன் மட்டும் போயிட்டான்."

 பிறகு கேட்டாள்: "அன்னைக்கும் இப்படித்தானா?"

"இல்லம்மா" என்றேன். "அன்னைக்கு வேகம்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நர்ஸிடம் சொல்லி உங்களை வரவழைத்தது அவள்தான் என்று தெரியும். மருந்து மயக்கத்தில் இருக்கிறவள், அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆகவே, அண்ணனைக் கொன்றது நான். யாரும் தூண்டவில்லை, நான் குடித்திருக்கவில்லை, ஆத்திரத்திலும் செய்யவில்லை. ஐந்து நாள் நிதானமாக யோசித்துச் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் இந்த இரண்டாம் பக்கத்தில், அந்த மாத்திரை டப்பாவைக் காட்டி, அப்பாவின் சாவையும் என் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள். நான் ஒப்புக்கொள்ள வந்தது ஒரு கொலையை. அப்பாவைக் கொன்றது அண்ணன்தான். இத்தனை வருடத்தில் அவனே ஒரு தடவைகூட அதை மறுத்ததில்லை.