புருவத்தையுமா கேட்டாரு சாமி

...அந்தக் கூடைய கொஞ்சம் அந்தாண்ட தள்ளுங்க அக்கா, தக்காளி வாசனயே எனக்கு இப்ப ஆவறதில்ல. கோவிச்சுக்காதீங்க. களி கிண்டற வாசனயும் ஆவறதில்ல, தாளிக்கற வாசனயும் ஆவறதில்ல. எங்கூட்டுக்காரரு பீடி பத்தவச்சா நான் எந்திரிச்சு மாட்டுக் கொட்டாய்க்குப் போயிடுவேன். மாடு எவ்வளவோ மேலு.

என்ன, முக்காட்டப் பாக்கறீங்களா? மொட்டதான். திருப்பதி மொட்ட... ஊர்ல அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, பஸ்ஸு ஜூஜுவாடி செக்போஸ்ட்டத் தாண்டினா நீங்க யாரோ நான் யாரோ.

கழுத்துல எலுமிச்சங்கா கணக்கா ஒரு கட்டி அக்கா. பெங்களூரு ஆஸ்பத்திரில புத்துன்னுட்டாங்க. சீமைலேருந்து புது மருந்து வந்திருக்குதாம், மாசம் ஒருக்கா நரம்புல ஊசி. டாக்டரு கன்னடத்துல 'ஹெதரபேடி'ங்கறாரு, பயப்படாதீங்கன்னு. அவருக்கென்ன, மூணு நாளு வாந்தி எடுக்கறது நானு. ஊர்ல கேட்டா பல்லு வைத்தியம்னு சொல்லிக்கறேன். இத்தன மாசத்துல முப்பத்திரண்டு பல்லையும் பாத்திருப்பாங்க. ரெண்டாவது ஊசிக்கு அப்பறம் தலைய வாரினா முடி சீப்போட வருது, கொத்துக் கொத்தா. தேன்கனிக்கோட்டைல பூக்காரி எஞ்சடையப் பாத்து அரை மொழம் கூடக் குடுப்பா, அப்பிடி முடி. ஒரு நாளு பூரா அழுதேன் அக்கா, பொய் சொல்லமாட்டேன்.

அப்பறம் பொய்தான் சொன்னேன்.

எம்பொண்ணு ராஜாத்திக்குத் தை மாசம் கல்யாணம். புத்துன்னு தெரிஞ்சா மாப்ள ஊட்டுல தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால மிச்சத்தையும் மழிச்சுட்டு, சந்தனத்தக் கொழச்சுத் தலைல பூசிக்கிட்டு, வேண்டுதலுன்னு பஸ்ஸ உட்டு எறங்கினேன். ஊரே கும்பிட்டுது. பிரசாதம் எங்கன்னாங்க... ஓசூரு மிட்டாய்க் கடைல வாங்கின லட்டுதான். எங்க மாமியா மோந்து மோந்து பாத்துட்டு, "பச்சக் கற்பூர வாசன வரலியே"ங்கறா. இந்த வருசம் கம்மியாத்தான் போடறாங்கன்னேன்.

அதோட உட்டாங்களா? அடுத்த மாசம் புருவமும் போயிடுச்சு. பக்கத்தூட்டு பாப்பம்மா கிட்ட வந்து உத்துப் பாத்துட்டு, "ஏண்டி மங்கம்மா, புருவத்தையுமா கேட்டாரு சாமி?"ன்னா. கேட்டாரு, குடுத்தேன், உனக்கென்னன்னேன். இப்ப கண்மைல வரஞ்சுக்கறேன். வேர்த்தா ஒண்ணு எறங்கிடுது. இப்ப நேராத்தான இருக்குது?

ஆறு மாசமாச்சே, ஏன் மொளைக்கலன்னு இப்ப ஊரு கேக்குது. சம்பந்தியம்மா முனிலட்சுமி சொல்லி அனுப்பியிருக்கறா. காணிக்கைல ஏதோ கொற, ரெண்டு குடும்பமும் சேந்து திருப்பதி போலாம், மறுபடி மொட்ட போட்டுட்டு வரலாம், உங்களுக்குத்தான் வழி தெரியுமேன்னு. எனக்கு வழியா? அந்தப் பக்கம் நான் கிருஷ்ணகிரியத் தாண்டினதில்ல. அங்க போயி கத்தியோட ஒக்காந்திருக்கறவரு என் தலைல எதை எடுப்பாரு?

ஆனா அக்கா, போன மாசத்தோட ஊசி முடிஞ்சுது. கட்டி சுண்டக்கா ஆயிடுச்சு, இன்னிக்கு சும்மா பாக்க வரச் சொல்லியிருக்காங்க. போன வாரம் குளிக்கறப்ப பின்னந்தலைல கை பட்டுது... சொரசொரன்னு. யாருகிட்டயும் சொல்லல. பைத்தியமாட்டம் தடவித் தடவிப் பாக்கறேன். இதையும் கொண்டுபோயி குடுக்கணும்னா வயிறு எரியுது. குடுக்கத்தான் வேணும், பொய்க்கு சாமி பேர இழுத்தவ நானு.

அட, அத்திப்பள்ளி வந்துடுச்சு. நீங்க இங்கதான் எறங்கணுமா? இருங்க, கூடைய நான் தூக்கித் தரேன். நல்ல தக்காளி. எந்த ஊரு?

...ராயக்கோட்டையா.

மாப்ள ஊரும் அதான். மாப்ளயோட அப்பா பேரு ஆஞ்சப்பன்னு...

...அவரு தங்கச்சியா நீங்க. அப்ப முனிலட்சுமிக்கு நாத்தனாரு. தாம்பூலம் மாத்தின அன்னிக்கு உங்கள நான் பாக்கலியே. ஏறினதுலேருந்து எங்க பேச உட்டேன் உங்கள.

இருங்க அக்கா, எறங்காதீங்க. கையக் குடுங்க. இங்க, முக்காட்டுக்கு உள்ள, பின்னாடி. தொட்டுப் பாருங்க. ஊட்டுல போயி சொல்றதுன்னா எல்லாத்தையும் சொல்லுங்க, நான் தடுக்கல. மொளச்சிருக்குதுங்கறதையும் சேத்துச் சொல்லுங்க.