முதுகில் விழுந்த மணல் மூட்டை

பலேர்மோவில், பொலிதேயாமா நிறுத்தத்தில் பஸ்சுக்கு நின்றபோது முன்னால் நின்ற பெண் தோழியிடம் சொன்னாள்:

"இங்கிலாந்திலை ஒரு மரம் எங்கடை இவருக்கு அடிச்சுப்போட்டுது எண்டு நாங்கள் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"மரம் அடிச்சதோ, அக்கா?"

"ஓம். இவரின்ரை தமையன் இருக்கிற ஊர்ப் புல்வெளியிலை நிக்குது. அந்தக் காலத்திலை குதிரை வீரர் ஈட்டியாலை குத்திப் பழகின கம்பமாம். மேலை சுத்துற சட்டம். அதின்ரை ஒரு பக்கம் பலகை, மற்றப் பக்கம் மணல் மூட்டை. பலகையிலை குத்தின உடனை ஓடித் தப்ப வேணும். இல்லாட்டி மூட்டை சுத்தி வந்து முதுகிலை விழும்."

"அண்ணை ஏன் அதிலை போய்க் குத்தினவர்?"

"அண்டைக்கு ஊர் விழா. ஆரும் தடியோடை ஓடிக் குத்தலாம். இவருக்கும் தமையனுக்கும் கனகாலமாப் பேச்சில்லை. இந்தமுறை சொந்தத்துக்குள்ளை ஒரு கலியாணத்துக்கு அங்கை போன இடத்திலையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டவை. தமையனுக்குக் காட்ட வேணுமெண்டு இவர் ஓடிப்போய்க் குத்தினார். குத்திப்போட்டு, தமையன் பாக்கிறாரோ எண்டு நிண்டு திரும்பினார்."

"ஐயோ!"

"ஆள் குப்புறப் புல்லுக்குள்ளை. தமையன்தான் முதல் ஓடி வந்து தூக்கினவர். சிரிப்பை அடக்கேலாமல், 'தள்ளடா, நான் குத்திக் காட்டுறன்' எண்டு தடியைப் பறிச்சார்."

பஸ் வந்தது. அவர்களுக்குப் பின்னால் நானும் ஏறினேன்.

"அவர் தப்பினவரே, அக்கா?"

"எங்கை! பின்னேரம் முழுக்க ரெண்டு பேரும் ஒரே கட்டிலிலை குப்புறப் படுத்துக்கொண்டு கதைச்சவை. தமையன்ரை மனுசியும் நானும் எண்ணெய் தேய்ச்சுக் களைச்சுப் போனம்."